காவல்காரன் கோட்டை விடுவது ஏன்?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் கண்ணீர். கடைசிப் பக்கம் மட்டும் கேள்வி. கண்ணீர்ப் பக்கங்களை நான் சுருக்கிச் சொல்லி விடுகிறேன்.

அவருடைய ஒன்றுவிட்ட நாத்தனாரின் வாட்ஸப்பிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததாம். “அவசியம் குடும்பத்தோடு வரவும்” என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு பைல். யார் வீட்டுக் கல்யாணமோ, என்றைக்கு முகூர்த்தமோ என்ற ஆவலில் தொட்டிருக்கிறார். பத்திரிகை திறக்கவில்லை. “இதைப் பார்க்க இந்த ஆப்பைப் போட்டுக் கொள்ளுங்கள்” என்றது, போட்டுக் கொண்டார். “எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடுங்கள்” என்றது, கொடுத்தார். மறுநாள் காலையில் பாங்கிக் கணக்கில் தீபாவளிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் இல்லை. நாத்தனாரைக் கேட்டால், “ஐயையோ, நான் ஒன்றும் அனுப்பவில்லையே! என் போனும் மூன்று நாளாகச் சரியாக இல்லை” என்கிறார்.

இனிக் கேள்வி. “என் போனில் ஆன்டிவைரஸ் இருக்கிறது. வருஷா வருஷம் சந்தா கட்டுகிறோம். ‘உங்கள் போன் பத்திரமாக இருக்கிறது’ என்று தினமும் பச்சை நிறத்தில் சொல்லும். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிற்று. வீட்டில் எல்லோரும் ‘நீ ஏன் அதைத் தொட்டாய்?’ என்று கேட்கிறார்கள். ‘அது ஏன் சும்மா இருந்தது?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.”

ரொம்ப நியாயமான கேள்வி. சம்பளம் வாங்குகிற காவல்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் போதே திருடன் உள்ளே போய்விட்டு வந்தால், வீட்டுக்காரியை மட்டும் கோபித்துக் கொள்வது என்ன நியாயம்? ஆகவே இந்த வாரம் அந்தக் காவல்காரனையே கொஞ்சம் விசாரிப்போம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் நுழைகிற விஷப் புரோகிராம்களில் பல ஜாதி உண்டு. நிபுணர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்லிக் கொள்வோம். நம் வசதிக்கு அது போதும்.

பழைய நாட்களில் போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் படங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள் அல்லவா? இன்னின்ன மச்சம், இன்னின்ன தழும்பு என்று அங்க அடையாளங்களும் குறித்திருக்கும். ஆன்டிவைரஸின் ஆதி காலத்து வேலை முறை அதுவேதான். எங்கேயோ ஒரு வைரஸ் பிடிபடுகிறது. ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, அதில் மட்டுமே காணப்படும் ஒரு அடையாளத்தை எழுதிக் கொள்கிறார்கள். அந்த அடையாளம் உலகத்தில் உள்ள அவர்களுடைய சந்தாதாரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. “அப்டேட், அப்டேட்” என்று கம்ப்யூட்டர் உங்களை நச்சரிக்கிறதே, அதில் ஒரு பகுதி இந்தக் கேடி ஆல்பத்தின் புதிய பக்கங்கள்தான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே ஐகார் என்னும் ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரால் ஒரு சின்ன பைல் இருக்கிறது. மொத்தமே 68 எழுத்துக்கள். அது பரம சாது. யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் அதைக் கண்டால் உலகத்து ஆன்டிவைரஸ் எல்லாம் கூச்சல் போடும். ஏன்? ஆல்பத்தில் அதன் படம் இருக்கிறது, அவ்வளவுதான். படம் இருந்தால் சாதுவும் பிடிபடுவான். படம் இல்லாவிட்டால் கொலைகாரனும் “வணக்கம்” சொல்லிவிட்டு உள்ளே போவான்.

இப்போது உங்களுக்கே முதல் காரணம் புரிந்திருக்கும். புது முகங்களுக்கு ஆல்பத்தில் படம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் திருட்டுப் போன பிறகுதான் படம் எடுக்க முடியும். அந்த முதல் சில பேருக்குக் காவல் இல்லை.

2000-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து ஒரு காதல் கடிதம் புறப்பட்டது. “ஐ லவ் யூ” என்று தலைப்புப் போட்ட ஈமெயில். இணைத்திருந்த பைலின் பெயரைப் பார்த்தால் சாதாரணக் கடிதம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு புரோகிராம். பெயரின் கடைசியில் வரும் மூன்று எழுத்துத்தான் அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டர் அந்தக் கடைசி எழுத்துக்களைத் தானாகவே மறைத்து வைத்திருந்தது! திறந்தவுடனே அது வீட்டுப் படங்களை நாசம் செய்து, பாட்டுக்களை மறைத்து வைத்துவிட்டு, விலாசப் புத்தகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதத்தை அனுப்பிற்று. காரியாலயத்து மானேஜரிடமிருந்து குமாஸ்தாவுக்குக் காதல் கடிதம். குமாஸ்தாவிடமிருந்து அத்தை பாட்டிக்கு! லண்டன் பார்லிமெண்டில்கூட ஈமெயிலை நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. ஆன்டிவைரஸ் கம்பெனிகள் அடையாளம் எழுதி அனுப்புவதற்குள் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கெட்டு விட்டன. எழுதிய பையனை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் தேசத்தில் அப்போது அதற்குச் சட்டமே இல்லை. சட்டத்துக்கும் ஆல்பத்தில் அவன் படம் இல்லாமல் போயிற்று!

மாம்பலத்துச் சகோதரி கவனிக்க வேண்டும்: அன்றைக்கு வந்தது காதல் கடிதம், இன்றைக்கு வருவது கல்யாணப் பத்திரிகை. நடுவில் கால் நூற்றாண்டு கடந்து கதை முகூர்த்தம் வரைக்கும் வந்திருக்கிறதே தவிர, யுக்தி ஒன்றேதான்.

புது முகங்கள் அபூர்வமாக வந்தால் சமாளித்து விடலாம். ஜெர்மனியில் ஏ.வி.-டெஸ்ட் என்று ஒரு பரிசோதனை நிலையம் இருக்கிறது. தினந்தோறும் 4,50,000-க்கு மேற்பட்ட புதிய விஷப் புரோகிராம்களையும் வேண்டாத புரோகிராம்களையும் பதிவு செய்வதாக அது சொல்கிறது. அத்தனையும் புதிதாகப் பிறந்தவை என்று நினைத்து விடாதீர்கள். பெரும்பாலும் பழைய ஆசாமிகளே. சட்டையை மாற்றிக் கொண்டு வருகிறார்கள்.

சட்டை மாற்றும் வித்தையை 1990-ல் மார்க் வாஷ்பர்ன் என்னும் அமெரிக்கர் செய்து காட்டினார். ஒவ்வொரு தடவை பரவும் போதும் தன் உருவத்தைத் தானே மாற்றி எழுதிக் கொள்ளும் வைரஸ் ஒன்றை அவர் எழுதினார். மச்சத்தையும் தழும்பையும் மட்டும் நம்பினால் போதாது என்று ஆன்டிவைரஸ்காரர்களுக்கு எடுத்துக் காட்டுவதுதான் அவர் நோக்கம். பாடம் சொல்லிக் கொடுத்தது யாருக்கோ, நன்றாகப் படித்துக் கொண்டது வேறு யாரோ! இப்போது இந்த வேலையைச் செய்வதற்கென்றே திருடர்களிடம் கருவிகள் இருக்கின்றன. ஒரே வைரஸை ஆயிரம் பேருக்கு அனுப்பினால், ஆயிரம் முகத்தோடு அனுப்பலாம்.

இன்னொரு வழி, மூட்டை கட்டுவது. உள்ளே இருப்பதைச் சங்கேத எழுத்தாக மாற்றி, பிரிக்கும் சாவியை மட்டும் மேலே வைத்து அனுப்புகிறார்கள். வாசலில் சோதிக்கும் போது புரியாத எழுத்துக்கள்தான் தெரியும். வீட்டுக்குள் போய் மூட்டையைப் பிரித்த பிறகுதான் அரிவாள் வெளியே வரும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பைலை அனுப்பி, “கடவுச்சொல் இது” என்று கடிதத்தில் எழுதி விடுவதும் இதே ரகம். நமக்கு அது மரியாதையாகத் தோன்றும். “நம்மிடம் எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்து கொள்கிறார்கள்!” என்று நினைப்போம். ஆனால் காவல்காரனிடம் அந்தச் சாவி இல்லை. பூட்டைப் பார்த்துவிட்டு அவன் பேசாமல் இருந்து விடுகிறான்.

சோதனை போடும் போது நல்ல பிள்ளையாக நடிப்பதும் புதிய வித்தை அல்ல. பெர்சனல் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெய்ன்’ 1986-ல் லாகூரில் பிறந்தது. பாஸித், அம்ஜத் பரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. தங்களுடைய புரோகிராமைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்குள்ளே தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்! அந்த மகா யோக்கியமான வைரஸ்கூட ஒரு தந்திரம் செய்தது. தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை யாராவது எட்டிப் பார்த்தால், தன்னைக் காட்டாமல், பழைய சுத்தமான பக்கத்தை எடுத்துக் காட்டும். மாமியார் சமையலறைக்கு வரும் போது மட்டும் ஊறுகாய் ஜாடியை மூடி வைப்பது போல!

சரி, முகத்தைத்தான் மாற்றிக் கொள்ளலாம், நடத்தையை மாற்ற முடியுமா? இந்தக் கேள்வி ஆன்டிவைரஸ்காரர்களுக்கும் தோன்றியது. அவர்கள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. இன்றைய ஆன்டிவைரஸ் ஆல்பத்தை மட்டும் புரட்டிக் கொண்டிருப்பதில்லை. ஒரு புரோகிராம் என்ன செய்கிறது என்றும் கவனிக்கிறது. வந்ததும் வராததுமாக எல்லாப் பைல்களையும் பூட்டுகிறதா? எஸ்.எம்.எஸ்.களைப் படித்து வெளியூருக்கு அனுப்புகிறதா? சந்தேகமாக இருந்தால் தனி அறையில் அடைத்து, சிறிது நேரம் ஓட விட்டுப் பார்க்கிறது. இதனால் எவ்வளவோ திருடர்கள் பிடிபடுகிறார்கள் என்பது உண்மை. அவனைத் திட்டும் போது இதையும் மறக்கக் கூடாது.

ஆனால் திருடனும் சுதாரித்துக் கொண்டான். தனி அறையில் அடைபட்டிருக்கிறோம் என்று தெரிந்தால் அவன் தூங்குவது போல் பாசாங்கு செய்கிறான். எப்படித் தெரிந்து கொள்கிறான்? வெகு நேரமாகியும் மௌஸ் அசையவில்லை என்றால், இங்கே மனிதர் யாரும் இல்லை, இது சோதனை அறை என்று அர்த்தம்! காவல்காரனால் ஒவ்வொரு புரோகிராமையும் மணிக்கணக்கில் வேடிக்கை பார்க்க முடியாது. நீங்கள் ஒரு பைலைத் தொட்டுவிட்டு அரை மணி காத்திருக்கச் சம்மதிப்பீர்களா? சில விநாடிகளில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அந்தச் சில விநாடிகள் பல்லைக் கடித்துக் கொண்டு இருந்து விட்டால் திருடனுக்கு ஜயம்.

“சந்தேகம் வந்தாலே பிடித்து விட வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். பிடிக்கலாம், பிடித்துப் பார்த்தார்கள். 2010 ஏப்ரல் 21-ந் தேதி மக்காபி என்ற பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பிற்று. விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்களில் இருக்கும் மிகவும் முக்கியமான ஒரு பைலை, அது வீட்டு எஜமானனுக்குச் சமானமானது, வைரஸ் என்று அது தீர்மானித்து விட்டது! எஜமானனைப் பிடித்து அடைத்தால் வீடு நடக்குமா? கம்ப்யூட்டர்கள் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன. ஆஸ்பத்திரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் வேலை நின்றது. கம்பெனி மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. இதனால்தான் ஆன்டிவைரஸ்காரர்கள் கையைக் கொஞ்சம் கட்டிக் கொண்டு வேலை செய்கிறார்கள். தினம் பத்துத் தடவை பொய்யாகக் குரைக்கும் நாயை யார் வைத்துக் கொள்வார்கள்? வாரத்துக்குள் அதன் வாயைக் கட்டி விடுவோம். அதிகம் குரைத்தாலும் தப்பு, குறைவாகக் குரைத்தாலும் தப்பு. நடுவில் எங்கேயாவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். திருடன் அந்தக் கோட்டுக்கு ஒரு அங்குலம் இப்பாலேயே நடந்து போகிறான்.

கோடு எங்கே இருக்கிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு மிகவும் ஆத்திரத்தை மூட்டும் இடம். நாம் காசு கொடுத்து வாங்கும் அதே ஆன்டிவைரஸைத் திருடனும் காசு கொடுத்து வாங்கலாம். தன் சரக்கை வெளியே அனுப்பும் முன்பு வீட்டிலேயே வைத்து ஒத்திகை பார்க்கலாம். பிடிபட்டால் இரண்டு வரியை மாற்றி மறுபடி ஒத்திகை. பிடிபடாத வரைக்கும் வெளியே விடமாட்டான். ‘ஸ்கேன்4யூ’ என்று இதற்கென்றே ஒரு சேவை 2009 முதல் 2017 வரை நடந்தது. ஒரே சமயத்தில் பல ஆன்டிவைரஸ்களிடம் காட்டி, எதெது பிடிக்கிறது, எதெது கோட்டை விடுகிறது என்று திருடர்களுக்கு ரிப்போர்ட் கொடுக்கும். கம்பெனிக்காரர்களுக்கு மூச்சு விடாது. நடத்தியவர்களில் ஒருவருக்கு 2018-ல் அமெரிக்கக் கோர்ட்டு 14 வருஷம் தண்டனை விதித்தது. ஆக, நம் வாசலுக்கு வரும் திருடன் பரீட்சையில் தேறிய பிறகே வருகிறான். “அன்றைக்குப் பிடிக்கவில்லையே!” என்று நாம் வியப்பதில் அர்த்தமில்லை. பிடிக்காது என்று தெரிந்துதானே அவன் வந்தான்!

அதிகாரியின் முத்திரையோடு வருகிறவனை என்ன செய்வது? நல்ல கம்பெனிகள் தங்கள் புரோகிராம்கள் மீது ஒரு டிஜிட்டல் முத்திரை வைக்கும். முத்திரையைக் கண்டால் காவல்காரன் பெரும்பாலும் வழி விடுவான். 2010 ஜூனில் பெலாரஸ் தேசத்து ஆன்டிவைரஸ் கம்பெனி ஒன்று ‘ஸ்டக்ஸ்நெட்’டைக் கண்டுபிடித்தது. ஈரானில் நட்டான்ஸ் என்ற இடத்தில் யுரேனியத்தைச் செறிவாக்கும் இயந்திரங்களைக் கெடுப்பதற்கென்றே தயாரான வைரஸ் அது. அதன் மீது தைவானில் உள்ள இரண்டு பிரபல கம்பெனிகளின் உண்மையான முத்திரை இருந்தது. திருடிய முத்திரைகள்! கண்டுபிடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அது உலாவிக் கொண்டிருந்தது.

2017-ல் நடந்தது இதைவிட விசித்திரம். கம்ப்யூட்டரில் குப்பை பெருக்கும் ‘சிகிளீனர்’ என்ற புரோகிராமைப் பலர் உபயோகிக்கிறார்கள். அதைத் தயாரித்த கம்பெனிக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, வெளியே போகும் சரக்கில் விஷத்தைக் கலந்து விட்டார்கள். கம்பெனியின் முத்திரையோடு, கம்பெனியின் கடையிலிருந்தே, ஏறக்குறைய 22,70,000 பேருக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் வரை யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கம்பெனியை அதற்கு முந்தின மாதம்தான் விலைக்கு வாங்கியிருந்தவர்கள் யார் தெரியுமா? அவாஸ்ட் என்னும் ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரர்கள்! காவல்காரர் வீட்டுப் பாலிலேயே விஷம்.

2012-ல் ‘பிளேம்’ என்றொரு ஒற்று வைரஸ் அகப்பட்டது. பின்லாந்து தேசத்தில் எப்-செக்யூர் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் தலைமை ஆராய்ச்சியாளராக இருந்த மிக்கோ ஹிப்போனென் தங்கள் கிடங்கைப் புரட்டிப் பார்த்தார். அதே வைரஸின் மாதிரிகள் 2010-லேயே அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தன! வந்த லட்சக்கணக்கான மாதிரிகளுக்கு நடுவில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கின்றன. எங்கள் தொழிலுக்கே இது தோல்வி என்று அவர் பகிரங்கமாக எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. விளம்பரத்தில் 100 சதவிகிதம் பாதுகாப்பு என்று போடுகிறவர்கள் நடுவில் இப்படியும் ஒருவர்.

100 சதவிகிதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஒருநாளும் நடக்காது. சோம்பலாலோ சாமர்த்தியக் குறைவாலோ அல்ல. கணித சாஸ்திரமே குறுக்கே நிற்கிறது. கம்ப்யூட்டர் வைரஸைப் பற்றி 1983-ல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பரிசோதனை செய்து காட்டிய பிரெட் கோஹன் என்னும் மாணவர் இதை நிரூபித்திருக்கிறார். நிரூபணம் கேட்டால் சிரிப்பு வரும். எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் சர்வ வல்லமை படைத்த ஆன்டிவைரஸ் ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு முரண்டுக்காரப் புரோகிராம் வருகிறது. அது தன் பைக்குள் அதே ஆன்டிவைரஸை வைத்திருக்கிறது. “நான் வைரஸா?” என்று அதையே கேட்கிறது. “ஆமாம், நீ வைரஸ்” என்றால் பேசாமல் சாதுவாக உட்கார்ந்து விடும். ஆகவே சொன்னது பொய். “இல்லை, நீ சாது” என்றால் உடனே எழுந்து பரவத் தொடங்கும், இதுவும் பொய். என்ன சொன்னாலும் தப்பு! “குளிக்கிறாயா?” என்றால் மாட்டேன் என்றும், “குளிக்காதே” என்றால் குளிப்பேன் என்றும் சொல்லும் குழந்தை வீட்டில் இருந்தால், இந்த நிரூபணம் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

போன் விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டரில் இருக்கும் காவல்காரனுக்கு எல்லா அறைகளிலும் நுழைய அதிகாரம் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அறை. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸும் அங்கே ஒரு குடித்தனக்காரர்தான்! புதிதாக ஒருவர் குடிவரும் போது அவருடைய பெட்டியை வாசலில் பார்க்கலாம். பிறகு அவர் அறைக்குள் கதவைச் சாத்திக் கொண்டு என்ன செய்கிறார் என்று முழுவதும் தெரியாது. இது தெரிந்து, முதலில் வெறும் பெட்டியோடு குடிவந்து, பிற்பாடு “அப்டேட்” என்ற சாக்கில் ஆயுதங்களை வரவழைத்துக் கொள்ளும் ஆப்புகளும் உண்டு.

எஸ்.எம்.எஸ். படிப்பது ஒரு குற்றமா என்றால், அதுவும் இல்லை. எத்தனையோ நல்ல ஆப்புகள் அதே அனுமதியைக் கேட்கின்றன. நீங்களே உங்கள் விரலால் “சம்மதம்” என்று அமுக்கிய பிறகு, “இந்த அம்மாள் சம்மதித்தது தப்பு” என்று காவல்காரன் எப்படித் தீர்மானிப்பான்? பாங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்கிறார்களே, அதுவும் இப்படியே. அந்த ஆப் வைரஸ் அல்ல. காரியாலயங்களில் தினமும் உபயோகமாகும் யோக்கியமான ஆப். அதைப் பார்த்து ஆன்டிவைரஸ் வாயைத் திறக்காது. ரிசர்வ் பாங்கே 2019 பிப்ரவரியில் இதைப் பற்றி எச்சரித்தது. கல்யாணப் பத்திரிகை விஷயமாக 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசத்துப் போலீஸார் எச்சரிக்கை விடுத்தார்கள். ஆகவே மாம்பலத்துச் சகோதரி தனியாக ஏமாந்தவர் அல்ல.

“நீ ஏன் தொட்டாய்?” என்று கேட்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அணுசக்தி நிலையத்துக்குள்ளேயே வைரஸ் புகுந்தது. ஆன்டிவைரஸ் கம்பெனியின் சொந்தச் சரக்கிலேயே விஷம் கலந்தது. கிடங்கில் இருந்த மாதிரி இரண்டு வருஷம் நிபுணர்கள் கண்ணுக்குத் தப்பிற்று. நாத்தனார் பெயரில் வந்த பத்திரிகையைப் பார்த்தவுடன் திறந்தது அவ்வளவு பெரிய குற்றமா? இந்தக் கோபத்தினால் வரும் கெடுதலும் ஒன்று இருக்கிறது. திட்டுவார்களே என்று பயந்து, பணம் போனதை ஒரு நாள், இரண்டு நாள் மறைத்து வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெண்கள் மட்டுமல்ல, ரிடையரான பெரியவர்களும்தான். திருடன் எதிர்பார்ப்பது அந்த இரண்டு நாளைத்தான். உடனே சொன்னால், பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் எங்கேயாவது நிறுத்தி வைக்க வழி உண்டு. 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் குற்றங்களுக்கென்றே மத்திய சர்க்கார் வைத்திருக்கும் எண். போனில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு, வேறொருவர் போனிலிருந்து பாங்கிக்குப் பேசுங்கள். கெட்டுப் போன போனிலிருந்து பேசினால், பாங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். முதலில் யார் கைக்குப் போகிறதோ!

வருமுன் காப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. பத்திரிகை என்பது படமாக வரும், அல்லது பி.டி.எப். ஆக வரும். பைலின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்ற எழுத்துக்களில் முடிந்தால் அது ஒரு ஆப். அது உங்கள் சொந்தத் தம்பியின் கல்யாணமாக இருந்தாலும் திறக்க வேண்டாம். தம்பியைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள், சந்தோஷப்படுவான். போனின் செட்டிங்ஸில், தெரியாத இடத்திலிருந்து ஆப்புகளை நிறுவும் அனுமதி என்று ஒன்று இருக்கும். அது வாட்ஸப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து நிறுத்தி விடுங்கள். பையனையோ பெண்ணையோ கேட்டால் அரை நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள். அலட்சியமாகச் சிரித்தால் சிரித்து விட்டுப் போகட்டும்.

மதுரையிலிருந்து இன்னொரு சகோதரியும் எழுதியிருக்கிறார். “ஒரு ஆன்டிவைரஸ் கோட்டை விட்டால் இன்னொன்று பிடிக்குமே, இரண்டாகப் போட்டுக் கொண்டால் என்ன?” என்று கேட்கிறார். யோசனை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே பைலைப் பிடித்து இழுப்பார்கள்; கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகரும். ஒருவர் கையில் இருக்கும் கேடி ஆல்பத்தைப் பார்த்து, “இவனிடம் இத்தனை திருடர்களின் அடையாளம் இருக்கிறதே, இவனே திருடன்!” என்று மற்றவர் பிடித்துக் கொள்வதும் உண்டு. விண்டோஸில் கூடவே வரும் டிபெண்டர் என்ற காவல்காரர் இந்த விஷயத்தில் மகா விவேகி. வேறொரு காவல்காரரை நீங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த உடனே சத்தம் போடாமல் ஒதுங்கிக் கொள்கிறார். புதியவரின் சந்தாவைக் கட்ட நீங்கள் மறந்து போய் அவர் வேலையை நிறுத்தினால், இவரே மறுபடியும் பாராவுக்கு வந்து விடுகிறார்.